மங்கிய ஹெட்லைட்டுக்கு வாட்டர் பேப்பர் வைத்தியம்

மதுரைப் பக்கம் ஓடும் பைக்குகளின் ஹெட்லைட்டை அதிகம் கெடுப்பது காய்ந்த துணிதான். மேலூர் சாலையில் கல் லாரிகளுக்குப் பின்னால் தூசியில் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்துவோம். பனியன் வேஸ்ட்டை எடுத்து டூமை, அதாவது ஹெட்லைட்டின் முன் மூடியை, அழுத்தி ஒரு துடை துடைப்போம். சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. மோ கடின அளவுகோலில் அதற்கு 7, கண்ணாடியையே கீறிவிடும். பிளாஸ்டிக் டூம் எந்த மூலை?

பழைய புல்லட்டிலும் ராஜ்தூத்திலும் முகப்பில் இருந்தது நிஜக் கண்ணாடி. இன்றைய வண்டிகளில் இருப்பது பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் உருவாக்கிய பொருள் அது. கல் பட்டால் லேசில் உடையாது. ஆனால் சுலபமாகக் கீறல் விழும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். இந்த இரண்டு பலவீனங்களையும் மறைக்கத்தான் தொழிற்சாலையிலேயே டூமின் மேல் தலைமுடியைவிட மெல்லிய கடினப் பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். நாம் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பதும், மதுரை வெயில் அரிப்பதும் அந்தப் பூச்சைத்தான். போதாததற்கு 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புது இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் விளக்கும் எரிகிறது. ஹாலஜன் பல்பு என்றால் பகலெல்லாம் உள்ளேயிருந்தும் சூடு.

மங்கலைப் போக்கும் வழிகளைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது அதற்கும் முந்தைய, 35 வாட் ஹாலஜன் பல்பு போட்ட ஒரு 150 சிசி வண்டி. டூம் மோர் ஊற்றிக் காயவைத்தது போலிருந்தது. இரவில் சுவருக்கு நேரே நிறுத்தி லோ பீம் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடாகத் தெரிய வேண்டும். இதில் கோடே இல்லை, ஒரே மூட்டம். கீறல்கள் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, நாலாபுறமும் சிதறடிக்கின்றன. நமக்கு ரோடு தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். ஊரைத் தாண்டி அலங்காநல்லூர், வாடிப்பட்டிக்குப் பிரியும் கிளைச் சாலைகளில் பின்விளக்கில்லாத வைக்கோல் வண்டிகள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பற்பசை. எல்லோரும் சொல்வதால் அதையும் பார்த்துவிட்டேன். பற்பசையில் நுண்ணிய அரைப்புத் தூள் உண்டு, ஆகவே மேலோட்டமான மஞ்சள் கொஞ்சம் போனது. கீறல் ஒன்றுகூடப் போகவில்லை. நேர விரயம்.

அடுத்தது பட்டறை வழி. ஒரு டிங்கரிங் பட்டறையில் வெறும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷினில் பாலிஷ் அடித்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கும்போது பளபளப்பு. அடுத்த சித்திரை வெயில் முடிவதற்குள் பழைய மஞ்சள் திரும்பிவிட்டது. காரணம் எளிது. மிச்சமிருந்த பூச்சையும் காம்பவுண்ட் எடுத்துவிட்டது, புதிய பூச்சு எதுவும் போடவில்லை.

மூன்றாவதுதான் உருப்படியான வழி: வாட்டர் பேப்பர். 800, 1000, 1500, 2000, கடைசியில் கிடைத்தால் 3000 நம்பர். பெயிண்ட் கடையில் ஒரு ஷீட் சில பத்து ரூபாய்க்குள்தான். 3எம் போன்ற நிறுவனங்கள் ட்ரில்லில் மாட்டும் வட்டுகளோடு கிட் விற்கின்றன. கார் விளக்குக்கு அது சரி. பைக் டூம் சின்னது, வளைவு அதிகம். ட்ரில் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். கையே போதும்.

நிழலில் வண்டியை நிறுத்தி, டூமை ஷாம்பு தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பேப்பரை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். 800-ல் தேய்க்க ஆரம்பித்ததும் மஞ்சள் கலந்த பால் போல ஒரு கரைசல் வழியும். அதுதான் செத்துப்போன பழைய பூச்சு. மஞ்சள் நின்று வெள்ளையாக வழியத் தொடங்கினால் பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் டூம் முன்பைவிட மோசமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். 800-ல் இடவலமாகத் தேய்த்தால் 1000-ல் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய பேப்பரின் கோடுகள் முழுதாகப் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். நம்பர் மாறும் ஒவ்வொரு முறையும் டூமையும் கையையும் கழுவுங்கள். 800-ன் ஒரு மணல் துகள் 2000-க்குள் மாட்டினால் செய்த வேலையெல்லாம் பாழ். கடைசிக் கழுவலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கேன் தண்ணீர் நல்லது. எந்தக் கட்டத்திலும் தின்னரோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்புகள் கிளம்பும், அதற்கு மருந்தே கிடையாது.

பலரும் தவறவிடுவது இதற்குப் பிறகு வரும் வேலையை: கிளியர் கோட். ஹார்டனர் கலந்த, புற ஊதாக் கதிரைத் தாங்கும் 2கே கிளியரை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. திறந்த வெளியும் ரசாயனப் புகையைத் தடுக்கும் மாஸ்க்கும் கட்டாயம். துணி மாஸ்க் போதாது. அந்த வசதி இல்லையென்றால் தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துக்கொண்டு, கிளியரை மட்டும் பெயிண்டரிடம் விடுங்கள். ஆடிக் காற்றில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும். காற்று அடங்கிய காலை நேரமே உகந்தது.

ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்த பிறகும் என் டூம் மஞ்சளாகவில்லை. சுவரில் லோ பீம் கோடு தெளிவாக நிற்கிறது. புது டூம் போல என்று சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் பார்த்தால் கிளியரின் லேசான அலை தெரிகிறது. வெளிச்சத்தில் குறை தெரியவில்லை.

இது எல்லா டூமுக்கும் ஒத்துவராது. நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறலில் நகம் மாட்டினால் அது ஆழம், டூமை மாற்றுவதே மேல். மூட்டம் உள்பக்கம் இருந்தாலும் அப்படித்தான். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டவர்களின் டூம் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வெந்துபோகிறது. அதற்கு எந்தப் பேப்பரும் உதவாது.

வெளியில் மட்டும் மங்கிய டூமுக்கு என் தீர்ப்பு: தாராளமாகச் செய்யலாம், கிளியரோடு மட்டும். பட்டறையில் கொடுப்பவர்கள் "அண்ணே, பாலிஷுக்கு மேல கிளியர் அடிப்பீங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் சாவியைக் கொடுங்கள். சீட்டுக்கடியில் இருக்கும் அந்தக் காய்ந்த வேஸ்ட் துணியையும் இன்றே எடுத்துவிட்டு, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் ஈரத் துணியும் வையுங்கள்.