கண்ணாடியில் கதையும் கணக்கும்

யாங்கோன் தூய மரியன்னை பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இரண்டு முறை அடிபட்டவை. 1944 டிசம்பரில் பக்கத்து ரயில் நிலையத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியபோது நொறுங்கின. 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் மறுபடியும் சிதைந்தன. கரேன் இனக் கிறித்தவர்கள் நெடுங்காலமாக வாழும் யாங்கோனின் அலோன் பகுதியையும் அந்தப் புயல் விட்டுவைக்கவில்லை. இப்படிப்பட்ட நகரத்தில் தேவாலயச் சாளரத்துக்குப் புனிதர் உருவம் ஏற்றதா, வட்டமும் சாய்சதுரமும் கோத்த வடிவியல் கோலம் ஏற்றதா என்று கேட்டால், நான் கோலத்தின் பக்கம் நிற்பேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

முதல் காரணம் பழுதுபார்ப்பு. ஓவியன் தீட்டிச் சூளையில் சுட்ட முகம் உடைந்தால் அந்த முகம் போனதுதான். வடிவியல் சாளரத்திலோ, உடைந்த துண்டின் அளவில் புதிதாக ஒன்றை வெட்டி ஈயப் பட்டைக்குள் பொருத்தி ஈயப் பற்று வைத்துவிடலாம். நிறம் இம்மி பிசகினாலும் கண்ணை உறுத்தாது. இரண்டாவது காரணம் வெயில். வண்ணக் கண்ணாடி மங்கிய வடபுல ஒளிக்காகப் பிறந்த கலை. யாங்கோனில் காற்றும் வேண்டும், கண்கூச்சமும் கூடாது. கோலத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் திறந்து மூடும் கதவாக்கலாம். மேற்குப் பக்கம் அடர்நிறம், வடக்கே வெளிர்நிறம் என்று அளந்தும் வைக்கலாம். புனிதரின் உடலை நடுவே பிளந்து கதவாக்க யாருக்கும் மனம் வராது.

உருவமில்லாச் சாளரத்தில் மறைச்செய்தி எங்கே என்று கேட்பார்கள். போரில் கண்ணாடி இழந்த ஜெர்மனியின் கொலோன் பேராலயச் சாளரம் ஒன்றுக்கு 2007-இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 72 நிறங்களில் 11,263 சதுரங்களை அமைத்தபோது, அது மசூதிக்கே பொருந்தும் என்றார் அந்நகரின் கர்தினால் மைஸ்னர். கேள்வி நியாயமானது, ஆனால் திருச்சபையின் சொந்த மரபே அதற்கு விடை தருகிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே சிஸ்டெர்சியன் துறவிகள் தங்கள் ஆலயங்களில் உருவமற்ற வெண்கண்ணாடியை விதித்தார்கள். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்திலுள்ள ‘ஐந்து சகோதரிகள்’ சாளரம் 13ஆம் நூற்றாண்டின் சாம்பல்நிறக் கோலம். கதையைச் சொல்லச் சுவரும் பீடமும் பிரசங்கமும் இருக்கின்றன. ஒளியை உள்ளே கொண்டுவரச் சாளரம் ஒன்றுதான் இருக்கிறது.

வடிவியலின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. எளிதாகப் பெருக்க முடிவதாலேயே அது எளிதில் உயிரிழக்கிறது. எந்தக் கட்டடத்துக்கும் ஒட்டும் ஒரே சாய்சதுர வலை, குளியலறைக் கண்ணாடிக்கும் ஆலயத்துக்கும் வேற்றுமை வைப்பதில்லை. இதனால்தான் நிபந்தனை: கோலத்தின் அளவும் நிறமும் அந்தக் கட்டடத்திலிருந்தே பிறக்க வேண்டும். யோஸ் கைப்பர்ஸ் வடிவமைத்த மரியன்னை பேராலயத்தின் உட்புறத்தில் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் ஏற்கெனவே ஓர் ஒழுங்கைப் பேசுகின்றன; கண்ணாடி அந்தப் பேச்சைத் தொடர வேண்டும். அலோனில் உள்ள ஒரு சிறு ஆலயத்துக்கும் இதுவே விதி. வளைவின் அகலத்தை அளந்த பிறகே முதல் கோடு விழட்டும். அப்படிப் பிறந்த கோலத்தின் கணக்கு தெரிந்திருந்தால், அடுத்த புயலுக்குப் பின்னும் அதைத் திரும்பப் போட்டுவிடலாம்.