வெறும் நண்பர்கள்

ஆதர் கொனன் டொயிலின் முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் நாவல் 1887இல் வெளிவந்தது. அன்றிலிருந்து ஹோம்ஸையும் அவர் நண்பர் டொக்டர் வொட்சனையும் வாசகர் உலகம் விட்டபாடில்லை. மூலக் கதைகளிலும் பார்க்கப் பன்மடங்கு கதைகளை ரசிகர்களே எழுதிக் குவித்துள்ளனர். அவற்றுட் பல இருவரையும் காதலர்களாகக் காண்பவை. பாத்திரங்களை இவ்வாறு சோடி சேர்ப்பதை 'ஷிப்பிங்' என்பர். உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலைக் கத்தரித்து எடுத்த பெயர் அது.

இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பழைமைவாதிகளோடு நமக்கு உடன்பாடில்லை. இப்போக்கின் பிறப்பில் நியாயம் உண்டு. ஒஸ்கார் வைல்ட் 1895இற் சிறையிடப்பட்டார். ஆண்கள் இருவரின் உடலுறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றமாகவே இருந்தது. வெளிப்படையாக எழுத இயலாததை வரிகளுக்கிடையே தேடும் பழக்கம் அடக்கப்பட்டோரிடம் வளர்ந்ததில் வியப்பில்லை. 1970களில் 'ஸ்ரார் ரெக்' தொடரின் கேர்க், ஸ்பொக் இருவரையும் காதலராக்கி ரசிகர் சஞ்சிகைகளில் எழுதியோர் பெரும்பாலும் பெண்களே. ஆணுக்குப் பெண் அடங்கும் காதற்கதைகள் மலிந்த சந்தையில், சமமான இருவரின் காதலை அவர்கள் கற்பனை செய்து பார்த்தனர்.

ஆயினும், நியாயமான கலகமும் சில வேளைகளில் எதிரியின் வேதத்தையே ஓதத் தொடங்கிவிடுகிறது.

1924இல் வெளியான 'மூன்று கரிடெப்கள்' கதையில் வொட்சன் துடையிற் குண்டடிபடுகிறார். உணர்ச்சியே அற்றவர் போல் வாழ்ந்த ஹோம்ஸின் உதடுகள் நடுங்குகின்றன, கண்கள் கலங்குகின்றன. வொட்சன் இறந்திருந்தால் நீ உயிரோடு வெளியேறியிருக்கமாட்டாய் என்று சுட்டவனை எச்சரிக்கிறார். அந்த அன்பை அறிந்துகொண்டதற்கு இக்காயம் தகும் என்பது வொட்சனின் எண்ணம்.

சோடி சேர்ப்போர் இக்காட்சியைக் காட்டி, இது வெறும் நட்பன்று என்பர். மறுப்போர், இவர்கள் வெறும் நண்பர்களே என்பர். 'வெறும்' என்ற சொல்லில் இரு சாராரும் கைகுலுக்கிக்கொள்வதைக் கவனியுங்கள்! நட்பு காதலுக்குக் கீழ்ப்பட்ட படி. அன்பு ஓர் அளவுக்கு மேல் முதிர்ந்தால் அது காதலாகியே தீரவேண்டும். இந்த அளவுகோலை இருவருக்கும் அளித்தது யார்? வாரிசுரிமை முதலிய சலுகைகள் யாவற்றையும் மணம் புரிந்த சோடிக்கே ஒதுக்கிவைத்த சொத்துடைமைச் சமுதாயமன்றோ?

மனிதருட் காதலுணர்வு எழாதோரும் உளர். 'ஏரொமான்ரிக்' என்று இன்று தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்கள் அன்பற்றோர் அல்லர். இதை எழுதுபவன் அவர்களுள் ஒருவன். 1891இல் வந்த 'பொஹீமியாவில் ஓர் அவதூறு' கதையின் தொடக்கத்திலேயே, காதல் ஹோம்ஸின் இயல்புக்கு ஒவ்வாதது என வொட்சன் கூறிவிடுகிறார். டொயில் எம்மை மனத்திற்கொண்டு எழுதினார் எனச் சாதிப்பது அபத்தம். அவர் படைக்க முயன்றது ஒரு சிந்தனை இயந்திரம். எனினும் காதலிக்காத ஒருவன் நடுநடுங்கும் அளவுக்கு நேசிக்க வல்லவன் என்பதைக் கரிடெப் கதை காட்டிவிட்டது. உலக இலக்கியத்தில் எமக்குக் கிடைத்த சொற்பச் சித்திரங்களுள் அதுவும் ஒன்று. ஓரினக் காதலர் தமக்குரியதை அதிலே காணட்டும். அவர்களுக்குரிய இடத்தைப் பறிப்பது நம் நோக்கமன்று. காதல் இன்றேல் இக்காட்சிக்குப் பொருளே இல்லை என்ற தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

2010இலிருந்து 2017வரை பிபிசி ஒளிபரப்பிய 'ஷேர்லொக்' தொடர் இவ்விடயத்தில் மோசமான உதாரணம். இருவரையும் காதலரென்று பிறர் தவறாக எண்ணுவதை அது திரும்பத் திரும்ப நகைச்சுவையாக்கியது. ஆண்களின் காதலும் கேலிக்குள்ளாயிற்று; நட்பும் கேலிக்குள்ளாயிற்று. போதாக்குறைக்கு அத்தொடரின் ஹோம்ஸ் தன்னையே சமூக விரோத மனநோயாளி என்று அறிமுகம் செய்துகொள்கிறான்.

1890இல் வந்த 'நால்வரின் அடையாளம்' நாவலின் முடிவு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வொட்சனுக்கு மனைவி வாய்த்தாள். பொலிஸ்காரருக்குப் பெயர் கிடைத்தது. உமக்கு எஞ்சியது என்ன என்று நண்பர் கேட்க, ஹோம்ஸ் கொக்கெயின் போத்தலை நோக்கிக் கை நீட்டுகிறார். நண்பன் மணம் முடித்துப் போனபின் எஞ்சியவனுக்கு டொயில் கொடுத்தது போத்தல். சோடி சேர்ப்போர் கொடுப்பது வொட்சனின் படுக்கையறை. காதலராகாமலே இருவரும் ஒரே வீட்டில் மூப்படையும் கதைகளையும் சில ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.