மூங்கில் நட்சத்திரம்

நவம்பர் 27 முதல் டிசம்பர் 3-க்குள் வரும் ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும். பாளையங்கோட்டைத் தெருக்களில் அதை அறிய நாள்காட்டி வேண்டாம். வாசலில் நட்சத்திரம் ஏறியிருக்கும்.

கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரங்கள் பெருகிவிட்டன. என் கண் தேடுவது மூங்கிலில் கட்டியதைத்தான். ஒரே நீளத்தில் பத்துச் சிம்புகள். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஓர் ஐம்முனை; மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை நூலால் இறுக்க வேண்டும். பிறகுதான் வித்தை. உள்ளே சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சியைக் கொடுத்து நெம்பினால், தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும். ஆணி கிடையாது, மூங்கிலின் விறைப்பே அதைத் தாங்குகிறது.

மைதா பசை காய்ச்சி வர்ணத்தாள் ஒட்டுவார்கள். ஈரத்தில் தொய்ந்த தாள் காய்ந்ததும் தவில் தோல்போல் விறைக்கும். குண்டு பல்பு தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும், பட்டால் கருகிவிடும்.

மத்தேயு நற்செய்தியில் ஞானிகளுக்கு விண்மீன் வழிகாட்டியது. இங்கே நள்ளிரவில் கேரல் பாட வரும் சபையாருக்கு இது.

"எந்த வீடு அண்ணாச்சி?"

"சிவப்பு நட்சத்திரம் எரியுதுல்லா, அதுதான்."

ஜனவரி 6 கழிந்ததும் கிழிந்த தாளை உரித்துவிட்டு, எலும்புக்கூட்டைப் பரணில் ஏற்றுவார்கள். அடுத்த டிசம்பருக்குப் புதுத் தாள் போதும்.