ஆங்கிலத் தொடர்நிகழ்காலமும் தாய்மொழிக் குறுக்கீடு என்னும் விளக்கமும்

தென்னிந்திய மாணவர் 'ஐ ஆம் நோயிங்', 'ஹீ இஸ் ஹேவிங் டூ ஹவுசஸ்' என எழுதுவதற்குத் தாய்மொழிக் குறுக்கீடே காரணம் என்பது ஆங்கிலப் பயிற்று நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கமாகும். எந்தத் தாய்மொழி, அதன் எந்த வினைவடிவம் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்விளக்கத்தைச் சோதித்தறியச் சித்தூர், திருப்பதி வட்டாரம் ஏற்றதோர் இடமாகும். 1911இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் (திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று) தமிழரும் தெலுங்கரும் அருகருகே வாழ்கின்றனர். ஆங்கிலத்தை இரு வேறு வினையமைப்புகளின் வழியே அணுகுகின்றனர்.

தமிழில் 'செய்கிறார்' என்னும் நிகழ்கால வடிவம் இப்போது நிகழ்வதையும் வழக்கமாக நிகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். தொடர்ச்சியை வற்புறுத்தவேண்டின் 'கொண்டிரு' என்னும் துணைவினை வரும். தெலுங்கிலோ வழக்கத்தையும் எதிர்காலத்தையும் 'சேஸ்தாடு' ஏற்க, நிகழ்ந்துகொண்டிருப்பதைச் 'சேஸ்துன்னாடு' ஏற்கிறது. எனினும் பின்னதன் எல்லை ஆங்கிலத் தொடர்நிகழ்காலத்தினும் விரிந்தது. ஒருவர் தேவஸ்தானத்தில் நிலையான பணியில் இருப்பதையும் 'பனி சேஸ்துன்னாடு' என்றே கூறுவர். சித்தூரில் குடியிருப்பதை 'உண்டுன்னானு' என்பர். ஆகவே, நிரந்தரப் பணியாளரை 'ஹீ இஸ் வொர்க்கிங்' எனத் தெலுங்கு மாணவர் எழுதின், அங்குக் குறுக்கீடு என்னும் விளக்கம் பொருந்தும்.

'ஐ ஆம் நோயிங்' என்பதற்கு இது பொருந்தாது. அறிதலைத் தமிழர் 'எனக்குத் தெரியும்' என்பர். தெலுங்கர் 'நாக்கு தெலுசு' என்பர். இரண்டும் தொடர்வடிவங்கள் அல்ல. 'தெரிகிறது', 'தெலுஸ்தோந்தி' என்பன புலப்படுதலையே உணர்த்தும், அறிந்திருத்தலை உணர்த்தா. உடைமைக்கும் இது ஒக்கும்: 'எனக்கு உண்டு', 'நாக்கு உந்தி'. தாய்மொழியில் இல்லாத தொடர்வடிவம் தாய்மொழியிலிருந்து எவ்வாறு வந்து புகும்? தொடர்நிகழ்காலம் 'இப்பொழுது' நடப்பதைக் குறிக்கும் என வகுப்பறையில் முதலில் கற்பிக்கப்படும் விதியே இங்குக் காரணமாதல் கூடும். இப்பொழுது அறிந்திருக்கும் மாணவன் அவ்விதியை வழுவாமல் பின்பற்றுகிறான். நிலைவினைகள் அதற்கு விலக்கு என்பது பின்னரே கூறப்படுகிறது. பிழை மாணவனுடையதாயினும் அதன் வேர் பாடநூலில் உள்ளது.

மொழிபெயர்ப்பாளரிடமும் இதே இயந்திரப்போக்கு உண்டு. ஆங்கிலத் தொடர்நிகழ்காலம் வருமிடந்தோறும் 'கொண்டிரு' சேர்ப்பது அவர்தம் வழக்கம். 'ஐ ஆம் கோயிங் டு திருப்பதி டுமாரோ' என்பது திட்டமிட்ட எதிர்காலம். தெலுங்கு 'ரேப்பு திருப்பதிகி வெள்துன்னானு' எனத் தன் தொடர்வடிவத்தாலேயே இதனை ஏற்கும். தமிழில் 'நாளை திருப்பதிக்குப் போகிறேன்' என்பதே இயல்பு. 'நாளை போய்க்கொண்டிருக்கிறேன்' எவரும் பேசாத தமிழ். (நிகழ்கால இடைநிலைகளாக நன்னூல் கூறும் மூன்றனுள் 'ஆநின்று' என்பதில் 'நில்' என்னும் வினை வெளிப்படையாகவே நிற்கிறது. நிகழ்காலமும் தொடர்ச்சியும் தமிழில் பண்டே நெருங்கியிருந்தமைக்கு இது சான்றாகலாம், தனியே ஆராயத்தக்கது.)

ஆங்கிலத் தனி நிகழ்காலத்தை எப்போதும் '-கிறு-' கொண்டு பெயர்ப்பதும் இத்தகையதே. 'திஸ் பஸ் கோஸ் டு திருப்பதி' என்பது பேருந்தின் வழித்தடத்தைக் கூறுவது. 'இப்பேருந்து திருப்பதிக்குப் போகிறது' எனின், பேருந்து இப்போது புறப்படுகிறதா, நாள்தோறும் அவ்வழியே செல்வதா என்பது தெளியாது. 'இப்பேருந்து திருப்பதிக்குப் போகும்' எனின் ஐயமில்லை. தெலுங்கின் 'போதுந்தி'யும் அதுவே. பேருந்து நிலையத்தில் வழி கேட்பவருக்கு 'போகும்' என்றே விடை கிடைக்கிறது.