தக்களியின் முன் மூன்று நிமிடம்

பள்ளிப் பேச்சுப் போட்டியைத் தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். தமிழய்யா எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும். அவை வணக்கம், ஒரு குறள், நாலு கேள்வி அடுக்கு, கைதட்டலுக்கு ஓர் இடைவெளி, கடைசியில் வாய்ப்புக்கு நன்றி. காந்தி, மரம், தமிழர் தொன்மை என்று தலைப்பு எதுவானாலும் உருவம் மாறாது. மடத்துக்குளத்திலும் மயிலாப்பூரிலும் ஒரே பேச்சுதான்.

இதைக் கேலி செய்து கடந்துவிட முடியாது. பெர்னார்ட் பேட் 2009-இல் வெளியிட்ட ஆங்கில நூல், மேடைச் செந்தமிழ் ஆதியிலிருந்து வந்ததல்ல, 20-ஆம் நூற்றாண்டில் திராவிட இயக்கத்தோடு எழுந்த நவீன அழகியல் என்கிறது. மேடைப் பக்கமே வராத வீடுகளின் பிள்ளைகளுக்கு அது குரல் கொடுத்தது. ஆனால் அண்ணாவின் மேடைக்கு ஓர் எதிர்த்தரப்பு இருந்தது. அதை வாதாடி வெல்ல வேண்டியிருந்தது. போட்டி மேடையில் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. மறுப்பே வராத இடத்தில் ஆதாரம் யாருக்கு வேணும்? ஓசை போதும்.

அருங்காட்சியகம் உதவக்கூடிய இடம் இதுதான். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். மடத்துக்குளத்திலிருந்து பழனி, திண்டுக்கல், மதுரை தாண்டிப் போகணும். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது: வரிசையா வா, தொடாதே, பேசாதே. பேசப் பழக வேண்டிய இடத்தில்தான் வாயை மூடச் சொல்கிறோம்.

கீழடியில் கிடைத்தவற்றில் சுடுமண் தக்களிகள் உண்டு. சின்ன வட்டு, நடுவில் துளை. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு இது அந்நியப் பொருளல்ல. உடுமலை வட்டாரத்தில் ஒரு நூல் மில்லின் அளவை இன்றைக்கும் எத்தனை ஸ்பிண்டில் என்றுதான் சொல்வார்கள். மில்லுக்கு ஷிப்ட் போகும் அம்மாவின் மகள் அந்தத் துளையைப் பார்த்து, "இதுல குச்சியச் சொருகிச் சுத்துனா பாரத்துல நிக்காம சுத்தும், பஞ்சு முறுக்கேறும்" என்று சொல்லலாம். பக்கத்தில் நிற்பவன், "ஏன், மாலையில கோத்த மணியா இருக்கக்கூடாதா?" என்று கேட்கலாம். அவள் மறுபடி பார்க்கணும்: துளையின் அளவு, வட்டின் கனம், கூடவே கிடைத்த பொருள்கள். பேச்சுப் பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் அபிகேல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் ஓவியங்களின் முன் மாணவர்களைப் பேசவைக்க ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் உயிர், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்ற ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது. என் தொழிலில் கோட் ரிவ்யூ செய்பவர் தினமும் கேட்பதும் இதே கேள்விதான்.

கீழடியைச் சுற்றி நாம் எழுப்பும் பேச்சில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. 'உலகின் மூத்த குடி' என்ற வாக்கியத்தைச் சோதிக்க வழி கிடையாது. '353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580' என்ற வாக்கியத்தைச் சோதிக்கலாம். கேட்க இது தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணாவின் கீழடி அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னபோது, அவர் மண்ணடுக்கையும் காலக்கணிப்பையும் காட்டித்தான் மறுத்தார். அந்த வாதத்தில் நாளைக்கு நம் பிள்ளைகள் கலந்துகொள்ளணும் என்றால் அடுக்குமொழி கைகொடுக்காது. பெருமையை மனப்பாடம் செய்த பிள்ளை முதல் எதிர்க்கேள்வியிலேயே நின்றுவிடும், இல்லாவிட்டால் கோபப்படும். சமூக ஊடகத்தில் இரண்டையும் தினமும் பார்க்கிறோம்.

போட்டியை நிறுத்த வேண்டாம். ஒரு சுற்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு பொருள், அதன் முன் மூன்று நிமிடம், அவை வணக்கம் கிடையாது, வீட்டில் பேசும் தமிழே போதும். அடுத்த இரண்டு நிமிடம் மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை அந்த இரண்டு நிமிடத்துக்குக் கொடுங்கள். 'தெரியல, மறுபடி பார்க்கணும்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.