பின்னால் 40, முன்னால் 32

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அதன் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32 இருக்கும், பின் சக்கரத்தில் 40. நான் அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போனவன். ஆயுத பூஜைக்கு அதன் ஒவ்வொரு கம்பியையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தவன். ஆனாலும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் அமெரிக்காவில், பாஸ்டனை அடுத்த மேற்கு நியூட்டன் என்ற ஊரில், ஹாரிஸ் சைக்ளரி என்ற கடையில் வேலை பார்த்துக்கொண்டே சைக்கிளைப் பற்றி எழுதிய ஷெல்டன் பிரவுன்.

ஓட்டுபவரின் பாரம் பெரும்பகுதி பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதனால் பிரிட்டிஷ்காரர்கள் மொத்தம் 72 கம்பியைச் சரிபாதியாகப் பிரிக்காமல், முன்னதைவிடப் பின்னால் எட்டு கூட்டி வைத்தார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் 36, 36 என்று பங்கு வைத்தார்கள். நமக்கு வண்டி இங்கிலாந்திலிருந்து வந்தது, கணக்கும் கூடவே வந்தது. இதோடு பிரவுன் நிறுத்தியிருந்தால் அது வெறும் தகவல். அவர் அடுத்து 1980-களுக்கு வருகிறார். பந்தய வண்டிகளில் மட்டும் முன்னும் பின்னும் இருந்த 32 கம்பிச் சக்கரத்தைச் சாதாரண வண்டிகளுக்கும் போட ஆரம்பித்தார்கள். தயாரிப்பவருக்குக் கம்பி மிச்சம், கூலி மிச்சம். வாங்குபவரிடமோ இது பந்தய வண்டியின் தரம் என்று சொல்லி விற்றார்கள். இதை அவர் நாசூக்காகச் சொல்லவில்லை, மோசடி என்றே எழுதினார். சைக்கிள் விற்கும் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு!

சைக்கிளைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். இந்த ஒருவரை நான் ரசிப்பதற்கு ஒரே காரணம்தான். நம் ஊர்க் கடையில் தொழில் பழகும் பையன் “ஏன்ணே?” என்று கேட்டால், “சொன்னதைச் செய்டா” என்பதுதான் பதிலாக இருக்கும். தொழில் தெரிந்தவர்களுக்குக் கை பேசும், வாய் பேசாது. சிலருக்கு அது சுபாவம். சிலருக்குப் பயம், சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போட்டுவிடுவானே என்று. பிரவுனுக்குக் கையும் பேசியது, வாயும் பேசியது, பயம் மட்டும் இல்லை. பஞ்சர் முதல் பல்லிணைப்பு வரை தனக்குத் தெரிந்ததையெல்லாம் 1990-களிலிருந்து எழுதி எழுதி எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டார். காசு கேட்கவில்லை. கடிதம் போட்டவர்களுக்குப் பதிலும் போட்டார்.

டயர் அளவு பற்றி அவர் எழுதியதைப் படித்த நாளில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 1.75-ம் 1¾-ம் ஒன்று என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சைக்கிள் உலகில் 26 x 1.75 என்று போட்ட டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர், 26 x 1¾ என்று போட்ட டயருக்கு 571. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. கணக்குப்படி சமமான இரண்டு அளவுகளில் ஒன்று தசமத்திலும் மற்றது பின்னத்திலும் எழுதியிருந்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது என்று அவர் இதை ஒரு விதியாகவே அறிவித்து, விதிக்குத் தன் பெயரையும் சூட்டிக்கொண்டார். நம் கறுப்பு வண்டியின் 28 x 1½ டயர் உட்காரும் ரிம் 635. இன்றைக்கு 29 இஞ்ச் என்று பெருமையாக விற்கும் மலை சைக்கிளின் ரிம் 622 தான். ஆக, 29-ஐ விட 28 பெரிது! டயரில் எழுதியிருக்கும் அங்குலத்தை நம்பாதே, ரிம்மின் மில்லிமீட்டரைப் பார் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். எத்தனை பேர் தவறான டயரோடு வீடு திரும்பாமல் தப்பித்தார்களோ.

செயின் விஷயம் இன்னும் அழகு. “செயின் நீண்டுபோச்சு” என்று நாம் சொல்கிறோம், அவர்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் உராய்ந்து மயிரிழை தேய்கிறது, நூறு மயிரிழை சேர்ந்தால் செயின் தொங்குகிறது. பின்னுக்குப் பின் அரை அங்குலம் என்பது செயினின் கணக்கு. ஆகவே ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னைப் பூஜ்யத்தில் வைத்தால், அதை அடுத்து வரும் இருபத்துநாலாவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது மாகாணி அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்று. அரைக்கால் தள்ளிப் போயிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்று. மாகாணியும் அரைக்காலும் என்னுடைய சொற்கள். வாய்ப்பாடு மனப்பாடம் செய்த வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு 1/16, 1/8 என்று படித்தவுடன் அப்படித்தான் காதில் விழுந்தது. புதுச் செயினில் கம்பெனிக்காரன் போட்டிருக்கும் பசையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வேறு எண்ணெய் விடுவது நம் ஊர்ச் சுத்தம். உள்ளே பின் வரை போய் உட்கார்ந்த அந்தப் பசைக்கு ஈடாக வெளியிலிருந்து எதையும் ஊற்ற முடியாது, கழுவாதே என்கிறார். இதைச் சொல்லி எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அதே கடைக்காரரிடம் நான் ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. இடது பெடலின் மரை இடம்புரி. அதை வலப்பக்கம் சுற்றினால் கழலும். இது தெரியாமல் பெலத்தைக் காட்டி மரையைத் தின்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஏன் இடம்புரி? பெடல் சுற்றும்போது அதன் பால்ஸ் உராய்ந்து மரையைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் உராய்வுதான் காரணம் என்றால் மரை நேர்மாறாக, வலது பெடலில்தான் இடம்புரி இருந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் யோசித்தால் தெரியும். பிறகு எது காரணம்?

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையைக் குழாய்போல் தளர்வாக மடக்கி அதற்குள் விடுங்கள். பென்சிலின் வெளிமுனையை வலது கையால் தள்ளி, கடிகாரம் சுற்றும் திசையில் வட்டமாகக் கொண்டுபோங்கள். பென்சில் உள்ளங்கையின் உட்சுவரில் உருண்டு உருண்டு, தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். கிராங்கின் துளைக்குள் பெடலின் அச்சு இருப்பதும் இப்படித்தான். எவ்வளவு இறுக்கினாலும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு ஒன்று உண்டு. மிதிக்கிற பாரம் அந்த இடுக்குக்குள் அச்சை உருட்டுகிறது. பால்ஸின் உராய்வைவிட இந்த உருட்டல் பலமானது. அதைத் தாங்கத்தான் ஒரு பக்கம் வலம்புரி, ஒரு பக்கம் இடம்புரி. பிரவுனின் கட்டுரைகளில் இந்த மாதிரி இடங்கள் வரும்போது, ஒரு பாடகர் ராகத்தின் ஜீவ ஸ்வரத்தில் வந்து உட்காரும்போது தலை தானாக ஆடுமே, அப்படி ஆகும் எனக்கு. கடைக்காரரிடம் பென்சிலை வைத்துச் செய்து காட்டினேன். நாற்பது வருஷமாக இடம்புரி மரையைக் கழற்றி மாட்டுகிறவர். இரண்டு தடவை தானே செய்து பார்த்தார். “அட” என்றார். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய் என்று சொல்லித்தான் நமக்கெல்லாம் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். பிரவுன் இதைத் தலைகீழாக்கினார். வண்டி நிற்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின் சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. காய்ந்த ரோட்டில் மிகக் குறைந்த தூரத்தில் நிறுத்த வேண்டுமானால், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பப்போகும் அந்தக் கணம் வரை முன் பிரேக்கைப் பிடிப்பதுதான் வழி. அந்தக் கணத்தில் பின் பிரேக் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குப்புற விழுகிறவர்களில் பலர் கையை ஊன்றி உடம்பைத் தாங்கத் தவறியவர்கள். வண்டி நின்றுவிடுகிறது, ஆள் நிற்பதில்லை. வழுக்கும் ரோடு, குண்டும் குழியும், முன் டயரில் காற்று இறங்கிய நேரம், இவற்றுக்கு மட்டும் பின் பிரேக். நம் ஊரில் இந்த மூன்றும் ஒரே தெருவில் கிடைக்கும் என்பதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

எல்லாம் தன் கண்டுபிடிப்பு என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1981-இல் சைக்கிள் சக்கரம் பற்றித் தனி நூலே எழுதியவர் ஜாப்ஸ்ட் பிராண்ட். அச்சு மேல்பக்கத்துக் கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பிராண்ட் கணக்குப் போட்டுக் காட்டினார்: பாரம் ஏறும்போது மாறுவது தரையைத் தொடும் இடத்திலுள்ள சில கம்பிகளின் இழுவை மட்டுமே, அது குறைகிறது, மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பிராண்டின் கட்டுரைகளுக்குப் பிரவுன் தன் எழுத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். கம்பி கோக்கும் வித்தையைத் தானும் எழுதினார்: முதல் கம்பி எந்தத் துளையில் விழ வேண்டும், அதிலிருந்து எப்படி நான்கு கூட்டமாகப் பிரித்துக் கோக்க வேண்டும், கோட்டம் எடுக்கும்போது எவ்வளவு சின்னத் திருகாகத் திருக வேண்டும் என்று. படித்துவிட்டு நான் கோத்த ஒரே சக்கரம் இன்றும் லேசாக ஆடும். குறை என் கையில்.

ரசனைக்காரருக்கே உரிய பிடிவாதங்களும் அவருக்கு இருந்தன. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் மேல் தீராத காதல். ஏ.டபிள்யூ என்ற அந்த ஹப்பின் உள்ளே, நடுச்சக்கரத்தைச் சுற்றிக் குட்டிச் சக்கரங்கள் சூரியனைச் சுற்றும் கிரகங்கள்போல் ஓடும். நடுக் கியர் உள்ளது உள்ளபடி, கீழே போனால் கால் பங்கு குறைவு, மேலே போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மழை, சேறு எதுவும் உள்ளே போகாது. விலை உயர்ந்த வண்டிதான் நல்ல வண்டி என்ற பணக்கார வாதம் அவரிடம் எடுபடவில்லை. பிரீவீலே இல்லாத, மிதிப்பதை நிறுத்தவே முடியாத வண்டியையும் அவர் விரும்பி ஓட்டினார். கால் அப்போதுதான் நிதானம் கற்கிறது என்பார், கூடவே முன் பிரேக் கட்டாயம் என்பார். ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு கழுகுப் பொம்மை. நீண்ட தாடி. ஏப்ரல் முதல் தேதி வந்தால் இல்லாத சாமான்களுக்கு விளம்பரம் எழுதி ஏமாற்றுவார். ஓய்வில் கில்பர்ட் - சல்லிவன் இசை நாடகங்களில் பாடுவார். மனைவி ஹாரியட் ஃபெல் கல்லூரிப் பேராசிரியர். 1975-இல் பாரிஸ் - ப்ரெஸ்ட் - பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தவர். வீட்டில் பேச்சு எதைப் பற்றி இருந்திருக்கும் என்று யூகிக்கலாம்.

கடைசி ஆண்டுகளில் நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவருக்கு வந்தது. முதலில் போனது சமநிலை. வாழ்நாளெல்லாம் இரண்டு சக்கரத்தின் மேல் கழித்தவர், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டிக்கு மாறினார். 2008 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்தபோது வயது 63. அந்தக் கடையும் பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. கட்டுரைகள் இருக்கின்றன. நண்பர் ஜான் ஆலன் அவற்றைத் திருத்தியும் சேர்த்தும் காப்பாற்றி வருகிறார்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. வண்டியில் ஏறும் முறை பற்றி அவர் தனியாகவே எழுதியிருக்கிறார். முதலில் பாரின் இரு பக்கமும் காலைப் போட்டு நில். ஒரு பெடலை உயர்த்தி அதன் மேல் ஏறி மிதி. அந்த ஒரே மிதியில் வண்டியும் நகரும், நீயும் சீட்டின் உயரத்துக்கு எழும்புவாய். சீட்டில் உட்கார்ந்தபடியே கால் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்க மிதிப்பவர்கள் இதைக் கற்றாலே பாதி வலி போகும் என்கிறார். சரிதான். ஆனால் இடது காலை இடது பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு உந்து உந்தி, ஓடுகிற வண்டியின் மேல் காலை வீசிப் போட்டு ஏறுவதை அவர் குதிரைக்காரன் ஏற்றம் என்று கேலி செய்கிறார். பாரத்தை ஒரு பக்கமாகத் தாங்குவதற்கு அந்தச் சக்கரம் செய்யப்படவில்லையாம்.

ஐயா, எங்கள் வண்டியின் பார் இடுப்பு உயரம். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டு, கால் எட்டும் வயது வந்ததும் எங்களுக்குக் கிடைக்கும் முதல் கம்பீரம் அந்த வீச்சுதான். மடித்துக் கட்டிய வேட்டியோடு, கேரியரில் நெல் மூட்டையோடு, பெரியப்பா அப்படி ஏறுவதைப் பார்த்திருந்தால் நீங்கள் அந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டீர்கள். இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இன்று காலையும் அப்படித்தான் ஏறினேன். இரண்டு உந்து, ஒரு வீச்சு. பின் சக்கரத்தில், 40 கம்பிகளுக்குள் எங்கேயோ, ‘க்ரீக்’ என்று ஒரு முனகல் கேட்டது.