வலியின் சாட்சியம்: ஒற்றைத் தலையிடியும் குருதிக் குறிகாட்டிகளும்

ஒற்றைத் தலையிடியினால் அல்லலுறுவோரின் குருதியில் நரம்புச் சேதத்தின் தடயங்களைத் தேடும் ஆய்வுகள் அண்மைக் காலத்திற் பெருகி வருகின்றன. இவை மருத்துவத் துறைக்கு மட்டும் உரியனவாகத் தோன்றலாம். ஆயினும், ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று கூறும்பொழுது அக்கூற்று எத்தகைய சான்றினால் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் வினா இவற்றினுள் உறைந்துள்ளது. அவ்வினா சமூகவியல் சார்ந்தது. விமர்சன நோக்கில் ஆராயப்பட வேண்டியது.

முதலில் இத்தேடலின் வரலாற்றுப் பகைப்புலத்தை நோக்குவோம். ஒற்றைத் தலையிடி உண்டெனத் தனித்து உறுதிப்படுத்தும் குருதிப் பரிசோதனை எதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 1988இல் முதன்முறையாக வெளியிடப்பட்டு 2018இல் மூன்றாம் பதிப்பைக் கண்ட சர்வதேசத் தலையிடி வகைப்பாடு, நோயாளியின் கூற்றையே முதன்மை ஆதாரமாகக் கொள்கிறது. 4 முதல் 72 மணித்தியாலம் வரை நீடித்தல், ஒருபக்கத்தே துடித்தல், குமட்டல், ஒளியையும் ஒலியையும் தாங்கவியலாமை என்பன கேட்டறியப்படுபவை, கருவியால் அளக்கப்படுபவையல்ல. ஆகவே நோயின் மெய்ம்மை, கூறுபவர்மீது கேட்பவர் வைக்கும் நம்பிக்கையிற் பெரிதும் தங்கியிருந்தது. 1937இல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஹரோல்ட் வுல்ப், பேரவாவும் குறைபொறாத நேர்த்தியும் வளைந்துகொடாமையும் கொண்ட ஓர் ஆளுமையை இந்நோயாளருக்கு உரியதாக வரைந்துகாட்டினார். நோய், நோயாளியின் குணவியல்பாக விளக்கப்படலாயிற்று. ஆண்களைவிடப் பெண்களிடையே இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படும் நோய் இது. சமூகவியலாளர் ஜோனா கெம்ப்னர் 2014இல் வெளியிட்ட நூல், இவ்வவநம்பிக்கைக்கும் பால்நிலை பற்றிய சமூக எண்ணங்களுக்கும் உள்ள உறவை விரிவாக எடுத்துக்காட்டியது.

இந்நிலையில், நோயாளியின் சொல்லுக்குத் துணையாகக் குருதியைச் சாட்சிக்கு அழைக்கும் வேட்கை எழுந்தமை இயல்பே. இன்று பெரிதும் பேசப்படும் சாட்சி, நியூரோபிலமென்ற் என்னும் புரதத்தின் இலேசான சங்கிலியாகும். நரம்புக் கலத்தின் நீண்ட இழைக்கு உட்சட்டமாக அமையும் இப்புரதம், இழை சிதையும்போது வெளியேறி, மிக நுண்ணிய அளவிற் குருதியை அடைகிறது. ஒரு மில்லிலீற்றரிற் சில பைக்கோகிராம் என்னும் அளவையும் கணிக்கவல்ல கருவிகள் வந்தபின்னரே இவ்வாய்வுகள் பரவலாயின. நரம்புறைகளைத் தாக்கும் பல்லிட வன்மம், இயக்க நரம்புக் கலங்களை அழிக்கும் நோய் ஆகியவற்றில் இக்குறிகாட்டியின் பயன் ஐயத்துக்கிடமற்றது.

ஆனால் ஒற்றைத் தலையிடியைப் பொறுத்தவரை இதுவரை கிடைத்த முடிவுகள் ஒருமுகமானவையல்ல. வயது ஏறுதல், சிறுநீரகத் தொழிற்பாடு குறைதல், தலையில் அடிபடுதல் ஆகியனவும் இப்புரதத்தை உயர்த்தவல்லன. மேலும், இஃது எந்த நோயினாற் சேதம் விளைந்தது என்று கூறுவதில்லை. நெதர்லாந்தில் நிகழ்ந்த ஆய்வொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒற்றைத் தலையிடியுள்ள பெண்களின் மூளையில் வெண்பொருட் புள்ளிகள் மிகுந்திருத்தலை அது 2004இல் அறிவித்தது. 2012இல் வெளியான அதன் தொடர்ச்சி, அப்புள்ளிகள் பெருகினும் அறிவாற்றற் குறைவுடன் அவற்றுக்குத் தொடர்பு காணப்படவில்லை என்றது. தடயம் வேறு, அதன் பொருள் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்தில் ஓர் அடிப்படை வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகிறோம். வலி என்பது நரம்பின் தொழிற்பாடு. சேதம் என்பது நரம்பின் அழிவு. அழிவின்றியும் கடும்வலி நிகழும். சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதக்கூற்றின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இது நரம்பு சிதைவதால் வெளியேறுவதன்று. நரம்பு செய்தி அனுப்புவதற்குச் சுரப்பது. கோட்ஸ்பி, எட்வின்சன் முதலியோர் 1990இல், நோய் தாக்கியவேளை கழுத்து நாளக் குருதியில் இது உயர்ந்திருந்ததைக் கண்டனர். 2005இல் டென்மார்க் ஆய்வாளர் அவ்வுயர்வைக் காணவில்லை. குருதிச் சான்று இவ்வாறு தடுமாறியபோதிலும், இக்கூற்றின் தொழிற்பாட்டைத் தடுக்கும் மருந்துகள் 2018 முதல் அங்கீகாரம் பெற்றன. அம்மருந்துகள் பயனளித்தன என்பது எவ்வாறு நிறுவப்பட்டது? மாதத்தில் எத்தனை நாள் தலையிடித்தது என்று நோயாளர் நாட்குறிப்பிற் பதிந்த எண்ணிக்கையைக் கொண்டே முதன்மையாக நிறுவப்பட்டது. நவீன மருந்தியலின் பெருவெற்றியொன்று, பாதிக்கப்பட்டோரின் சொல்லையே இறுதி அளவுகோலாகக் கொண்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

குருதி ஆய்வுகள் வேண்டியதில்லை என்பது எமது வாதமன்று. ஆண்டாண்டாக மீளும் தாக்கங்கள் நரம்புகளைச் சிதைக்கின்றனவா, தக்க சிகிச்சை அதனைத் தடுக்குமா என்னும் வினாக்களுக்கு இவற்றின் வழியாக விடை காண முயல்வது பயனுள்ளதே. நாம் அஞ்சுவது, ஆய்வுக்குரிய கருவி தீர்ப்புக்குரிய கருவியாக மாற்றப்படுவதையே. குறிகாட்டி உயராத தொழிலாளி லீவு கேட்டு முகாமையாளர்முன் நிற்கும்போது, சேதமில்லை என்ற பரிசோதனை முடிவு நோயில்லை என்ற கூற்றாகத் திரிக்கப்படலாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் அது வாய்ப்பானதே. முன்னர் நோயாளியின் குணத்தைச் சுட்டி மறுக்கப்பட்ட வலி, இனி அவரது குருதியைச் சுட்டி மறுக்கப்படும்.

எனவே இத்துறை ஆய்வுகளை மதிப்பிடுவோர் இரு வினாக்களை ஒருங்கே எழுப்புதல் வேண்டும். அளவீடு எத்துணை நம்பத்தக்கது என்பது முதலாவது. அது யார் கையில், யாரைக் குறித்து, எதற்குப் பயன்படப்போகிறது என்பது இரண்டாவது. இரண்டாம் வினாவை விஞ்ஞானத்துக்குப் புறம்பானதென ஒதுக்குவோர், நோயாளியின் சொல் நெடுங்காலம் ஐயுறப்பட்டமைக்கான சமூகக் காரணங்களையும் ஆராயாது விட்டுவிடுகின்றனர். அக்காரணங்கள் நீடிக்கும்வரை, எத்துணை நுண்ணிய குருதிச் சான்றும் நோயுற்றோரின் சொல்லுக்குரிய மதிப்பைத் தானாகப் பெற்றுத்தராது.